நிபந்தனை போடத் தெரியாதவள்

பெல்மதுளையில் தேயிலையைப் பாக்கெட் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு சின்னக் கம்பனியில் ஒன்றரை வருஷமாக நான் 'ட்ரயலில்' இருந்தேன். மூன்று மாதம் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். முதலாளி முஸ்லிம் வியாபாரி, நல்ல மனுஷர். ஒரு பிடி தேயிலையை மூக்கருகே கொண்டுபோனாலே எந்த மலையில் பறித்தது என்று சொல்லிவிடுவார். ஆங்கிலம் மட்டும் வாசிக்க வராது. அதற்குத்தான் நான். கடிதம், மெயில் எல்லாம் என் தலையில். என் நியமனக் கடிதம் மட்டும் வந்தபாடில்லை. கேட்டால், "பாப்பம் மகள்" என்பார்.

அந்தக் கடிதம் இல்லாதவரை, "நாளைக்கி வர வேணாம்" என்ற ஒரு வார்த்தையில் நான் மலைக்குப் போய்க் கொழுந்து பறிக்க வேண்டியவள். கஹவத்தைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை என்னைக் காணும்போதெல்லாம், "உனக்குன்னு ஒரு கூடை எடுத்து வச்சிருக்கேன்" என்று சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது.

என் கோளாறு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் தோட்டத்தில் நிபந்தனை என்பது மேலேயிருந்து கீழே வருகிற சாமான். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம். பிந்தி வந்தால் வீட்டுக்குப் போ. கீழேயிருந்து மேலே போவது 'சரிங்க' ஒன்றுதான். சங்கத் தலைவர் மட்டும் எப்போதாவது மேடையேறி "தரலேன்னா" என்பார். அதற்கும் அவருக்கு மைக் வேண்டும்.

இந்த வளர்ப்போடு வேலைக்குப் போனவளிடம் ஜெர்மனியிலிருந்து ஒரு அம்மா, விலையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று மெயில் போட்டுக் கேட்டார். வாசித்துச் சொன்னேன்.

"ஐநூறு கிலோ எடுத்தா அஞ்சு வீதம் கொறக்கிறம் எண்டு எழுதுங்கோ மகள்" என்றார் முதலாளி.

"சரிங்க முதலாளி."

எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. முன்பின் தெரியாத ஒரு துரைசாணியிடம், நீ இதைச் செய்தால்தான் நான் அதைச் செய்வேன் என்று எப்படி எழுதுவது? பேரம் பேசுவது மாதிரி இருக்காதா? அது பேரம்தான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மரியாதையாக மாற்றி எழுதினேன்: மதிப்புக்குரிய அம்மணி, தாங்கள் கேட்டபடியே ஐந்து வீதம் குறைத்துவிட்டோம், தாங்கள் ஐநூறு கிலோ எடுப்பீர்கள் என்று பணிவோடு எதிர்பார்க்கிறோம்.

அம்மணி மூன்று இடத்தில் நன்றி சொல்லிப் பதில் போட்டார். நாற்பது கிலோ கேட்டிருந்தார், குறைத்த விலையில்.

முதலாளி கோப்பையைக் கீழே வைத்தார். "நாம தேயில விக்கிறமா மகள், பள்ளியில கந்தூரிச் சோறு குடுக்கிறமா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டாமல், வர்த்தக ஆங்கில வகுப்புக்குக் காசு கட்டி அனுப்பினார்.

வகுப்பு ஞாயிற்றுக்கிழமை, சந்தியிலிருந்த ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில். படிப்பித்த சிங்கள மிஸ்ஸுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. இப்படிச் செய்தால் அப்படிச் செய்வோம் என்று 'இஃப்' போட்டுப் பலகை நிறைய எழுதிவிட்டு, ஆளுக்கொரு உதாரணம் கேட்டார். நான் எழுந்து, கிலோ குறைந்தால் அரைப்பேர் விழும் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். வசனம் சரி, ஆனால் கம்பனிக்காரர் எவரும் இப்படி எழுதமாட்டார் என்றார் மிஸ். எழுதமாட்டார்தான், சொல்வார்.

பிறகு இருவர் இருவராகப் பயிற்சி. எனக்கு ஜோடி குருவிட்டயிலிருந்து வந்த கல் வியாபாரி. சட்டைப்பையில் மடித்த கடதாசிகளுக்குள் மாணிக்கக் கற்களோடுதான் வகுப்புக்கே வருவார். அவர் ஒரு பொருளைக் கேட்க வேண்டும். நான் நிபந்தனை போட்டால்தான் கொடுக்கலாம்.

"நங்கி, உங்கள் பேனையைத் தாருங்கள்" என்று, தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் வைத்து, ஆங்கிலத்தில் கேட்டார்.

கொடுத்துவிட்டேன்.

மிஸ் வாங்கித் திருப்பித் தந்தார். அவர் மறுபடி கேட்டார், நான் மறுபடி கொடுத்தேன். மூன்றாம் முறை 'இஃப் யூ' வரைக்கும் வந்துவிட்டேன். மிச்சத்தைத் தேடுவதற்குள் கை தன்பாட்டில் பேனையை நீட்டிவிட்டது.

"ஏன் கொடுக்கிறீர்கள்?" என்று மிஸ் சிங்களத்தில் கேட்டார்.

"கேட்டாரே மிஸ்" என்றேன்.

கல் வியாபாரி, தான் இத்தனை வருஷத் தொழிலில் இவ்வளவு சுலபமாக எதையும் வாங்கியதில்லை என்றார். அந்தப் பேனை இன்றைக்கும் அவரிடம்தான் இருக்கிறது.

ஆறேழு ஞாயிறு போனதும் கை அடங்கியது. ஆங்கிலத்தில் நிபந்தனை போடுவது உண்மையில் சுலபம், ஏனென்றால் பேசுவது நான் இல்லை, கம்பனி. இலவசமாக மாதிரித் தேயிலை கேட்ட ஒருவருக்கு, அனுப்பும் செலவை நீங்கள் ஏற்றால் அனுப்புகிறோம் என்று எழுதினேன். மனுஷர் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார். அன்றைக்கு முதலாளி எனக்கு வட்டிலப்பம் வாங்கித் தந்தார்.

அந்த இனிப்பு வாயில் இருக்கும்போதே கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். நோன்பு முடியட்டும் என்றார். நோன்பு முடிந்தது, பெருநாளும் முடிந்தது. தீபாவளி வரட்டும் என்றார். என் மதத்துக்கும் ஒரு மரியாதை. தீபாவளி போனதும், "பொங்கல் வரட்டும் மகள்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் போய்க் கத்தினேன். முப்பது வருஷமாகக் கொழுந்து பறிக்கிற என் அம்மா, ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள்: "சோறு போடுற எடத்துல போயி 'இல்லேன்னா'ன்னு பேசுவாளா ஒருத்தி? வாய வச்சிக்கிட்டு சும்மா இரு."

சும்மா இருக்கத்தான் முடியவில்லை. மறுநாள் நேரே அவர் மேசைக்கு முன்னால் போய் நின்றேன். "முதலாளி" என்று தொடங்கினேன். நிமிர்ந்து பார்த்தார். "டீ போடட்டுங்களா?" என்றேன். அன்றைக்கு மட்டும் நாலு தடவை டீ போட்டேன். ஜெர்மனிக்குப் போட்ட நிபந்தனையை நாலடி தூரத்துக்குப் போட முடியவில்லை. என்மேலேயே எரிச்சல் வந்தது.

கடைசியில் எனக்குத் தெரிந்த வழியில் செய்தேன். கம்பனி மெயிலைத் திறந்து, முதலாளியின் போனுக்கு ஆங்கிலத்தில் அடித்தேன். இரண்டே வரி. கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினேன். அந்த மனுஷருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது என்பது அனுப்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

போன் சத்தம் போட்டது. எடுத்துத் தூரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"மகள், நம்மட கம்பனியில இருந்தே நமக்கு மெயில் வந்தீக்கி. என்னண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ."

போனை வாங்கினேன். வேறு எதையாவது சொல்லிவிடலாம், அவருக்குத் தெரியப் போவதில்லை. விலை விசாரித்திருக்கிறார்கள் என்றால் முடிந்தது. அப்படிச் சொன்னால் பொங்கலுக்குப் பிறகு எந்தப் பண்டிகை என்று நாள்காட்டியைப் பார்க்க வேண்டியதுதான்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள நியமனக் கடிதம் கெடைக்கலேன்னா, திங்கக்கிழமையில இருந்து நான் வேலைக்கு வரமாட்டேங்க" என்று வாசித்தேன்.

"யாரு எழுதியீக்கி?"

"நான்தாங்க முதலாளி."

அவர் என்னையும் போனையும் மாறிமாறிப் பார்த்தார். நான் மனசுக்குள் கூடையைத் தோளில் மாட்டிப் பார்த்துவிட்டேன்.

"மெய்யாவே வரமாட்டீங்களா?"

"வரமாட்டேங்க."

தாடியைத் தடவினார். "அப்ப அந்தக் கடிதத்த அடியுங்கோ. உங்களத் தவிர வேற யாரு ஈக்கி இங்க இங்கிலீசு எழுத?"

என் நியமனக் கடிதத்தை நானே அடித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். அவர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார். இவ்வளவு நம்புகிறவரையா மிரட்டினோம் என்று ஒரு நிமிஷம் வெட்கமாக இருந்தது. ஒன்றரை வருஷத்தை நினைத்ததும் வெட்கம் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து கடிதத்தை அம்மாவிடம் நீட்டினேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, பார்த்து, சாமிப்படத்துக்குக் கீழே வைத்தாள். நடந்ததைச் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்துக் கொஞ்சம் தள்ளியே நின்றேன்.

"மொதலாளி மொகத்தப் பாத்தா சொன்ன?"

"பாத்துத்தான்."

"எப்படிச் சொன்ன, சொல்லு."

சொன்னேன்.

"இன்னொருக்கா சொல்லு."

"கடிதம் கெடைக்கலேன்னா வரமாட்டேங்க."

அடுப்பைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். முகம் தெரியவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னாள். மூன்றாம் முறை நான் சொல்லும்போது, உதடு மட்டும் அசைகிற அளவு சத்தத்தில், அம்மாவும் கூடச் சேர்ந்து சொன்னாள்.