அம்மாவின் வலது கால்

அப்பாவின் பழைய காரில் ஒயர்களையெல்லாம் மாற்றி, புது மீட்டர்களும் பொருத்திவிட்டேன். பள்ளத்தாக்கிலிருக்கும் எங்கள் லெம்பா பெர்த்தாமிலிருந்து மேட்டில் ஏற்றிப் பார்க்கலாம் என்று அம்மாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். பாதி மேட்டில், சூடேறிய தகரமும் ரப்பர் விரிப்பும் கலந்த அந்தப் பழைய வாசனை வந்தது.

எனக்கு எட்டு வயதானபோது இதே காரில் சூட்டு மீட்டர் செத்துக் கிடந்தது. அடிவாரத்து ஊரான தாப்பாவிலிருந்து மலையேறும்போது அம்மா வலது கால் செருப்பைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பக்கத் தகரத்தில் பாதத்தை வைத்துக்கொள்வார்.

"எப்படி இருக்கு?" என்பார் அப்பா, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பால் வெதுவெதுன்னு இருக்குங்க."

சில வளைவுகள் தாண்டி, "காயுதுங்க."

"பொங்கப் போவுது" என்றால் அப்பா மறுபேச்சில்லாமல் ஓரங்கட்டுவார். பின்சீட்டில் நாங்கள் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிடுவோம்.

"ஏண்டி, பொங்கப் போவுது!"

திடுக்கிட்டுத் திரும்பினேன். பக்கத்து சீட்டின் கீழே அம்மாவின் செருப்பு கழன்று கிடந்தது; வலது பாதம் தகரத்தின் மேல் இருந்தது. புது மீட்டரில் முள் அடியிலேயே இருந்தது.

"மீட்டர் சூடே காட்டலியேம்மா."

"அதுக்கென்ன காலா இருக்கு? நிப்பாட்டு லா!"

நிறுத்தி பானட்டைத் திறந்தேன். ஆவி சீறியது. தண்ணீர் குறைந்திருந்தது. சூட்டைச் சொல்ல வேண்டிய மீட்டரின் ஒயரை இன்ஜினில் செருகவே மறந்திருந்தேன்.

ஆறியதும் தண்ணீர் ஊற்றி, ஒயரையும் செருகிக் கிளம்பினோம். முள் மெல்ல எழுந்தது.

"காயுது," என்றார் அம்மா. முள் நடுவில் நின்றது.

"பரவால்லடி. ஒன் மீட்டரும் சரியாத்தான் சொல்லுது."

செருப்பை மாட்டிக்கொண்டார். அடுத்த வளைவில் மறுபடி கழற்றினார்.