ஈட்டி ஏறிய விலா

செவ்வாய்க்கிழமை காலை ஒரு தொழிலாளியின் காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். ஆபீஸ் வாட்ச்மேன் வந்து வாசலிலேயே நின்றார். "சிஸ்டர், போடி ஆஸ்பத்திரியிலருந்து போன் வந்துச்சு. நம்ம டாக்டரம்மா போயிட்டாங்க" என்றார். கட்டை முடித்த பிறகுதான் எழுந்தேன். பாதியில் எழுந்திருந்தால் டாக்டரம்மா என்னைக் கடிந்துகொண்டிருப்பார்.

டாக்டர் ஞானமணி அவர்கள் உடும்பஞ்சோலைக்கு அருகே எங்கள் ஏலக்காய்த் தோட்ட மருத்துவமனையின் ஒரே மருத்துவர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். திருமணம் செய்துகொள்ளவில்லை. அடுத்த தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்த தம்பி சாமுவேல்தான் அவருக்கு எல்லாமும். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே நர்ஸாகச் சேர்ந்தேன். கடைசிவரை அவருடனேயே வேலை செய்தேன்.

தோட்டத்துச் சின்ன ஜெபக்கூடத்தில் ஞாயிறுதோறும் ஆராதனை நடத்தும் உபதேசியார் அவரைப் பேச அழைப்பார். மற்றவர்கள் வேத வசனத்தை விளக்குவார்கள். அவர் உடம்பை விளக்குவார்.

"எல்லாரும் நெஞ்சுல கை வச்சுப் பாருங்க. கம்பி கம்பியாத் தட்டுப்படுதா? அதுதான் விலாக்கூடு; உள்ள இருக்கிற இருதயத்தைக் காக்கத்தான் வச்சிருக்காரு. நாம தூங்கும்போதும் கர்த்தர் கையை எடுக்கலைன்னு இதைத் தொட்டாலே தெரியும். பச்சப்பிள்ளை உச்சியில எலும்பைச் சேக்காம விட்டிருக்காரே, அது மறதி இல்ல. பிள்ளை வெளிய வர வழி வேணும்லா?"

பெண்கள் மடியிலிருந்த குழந்தைகளின் உச்சியைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். மருத்துவப் படிப்பும் விசுவாசமும் அவருக்குள் ஒரே பேச்சாக இருந்தன. எனக்கு அது பொறாமையாகக்கூட இருந்தது.

சில வருடங்கள் கழித்து, ஓர் ஆடி மாத மழையில், வண்டன்மேட்டிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த ஜீப் மண் சரிந்து கவிழ்ந்தது. காயப்பட்டவர்களை எங்களிடம் தூக்கிவந்தார்கள். அவர்களில் சாமுவேலும் இருந்தார். மூச்சுவிட முடியாமல் அவருடைய உதடு நீலம் பாரித்திருந்தது. உடைந்த விலா எலும்பின் முனை நுரையீரலைக் குத்தியிருந்தது. டாக்டரம்மா தம்பியின் நெஞ்சில் ஊசியை இறக்கிக் காற்றை வெளியேற்றினார். தேனிக்குக் கொண்டுபோக வண்டியில் ஏற்றினோம். போடிமெட்டைத் தாண்டுமுன் சாமுவேல் இறந்தார்.

அடக்கம் முடிந்த சில நாளிலேயே டாக்டரம்மா வேலைக்குத் திரும்பினார். ஜெபக்கூடத்துக்கும் வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுவார். பாட்டுக்கு வாய் அசையாது. உபதேசியார் மறுபடி பேச அழைத்தபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"ஐயா, காக்கத்தான் வச்சிருக்காருன்னு எத்தனை பேர் நெஞ்சுல கை வைக்கச் சொன்னேன்! அந்த எலும்புதான் என் தம்பியைக் குத்திச்சு. இனி நான் எந்த வாயால சொல்ல?"

எனக்குள்ளும் அன்று ஏதோ தளர்ந்துபோனது.

அதே ஜீப்பில் வந்த பேச்சியம்மாள் என்ற தொழிலாளிப் பெண்ணுக்கும் விலா உடைந்திருந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள். சில மாதம் கழித்து மருத்துவமனைக்கு வந்தவள் உடம்புக்கு ஒன்றும் சொல்லாமல் அழுதாள்.

"டாக்டரம்மா, ஒங்க தம்பி பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அவருக்கும் ஒடஞ்சுச்சு, எனக்கும் ஒடஞ்சுச்சு. நான் சாமி கும்புடுறதே இல்ல. அவரு வாராவாரம் கோயிலுக்குப் போனவரு. என்னைய எதுக்குக் காப்பாத்துச்சு ஒங்க சாமி? சோறு எறங்க மாட்டேங்குதும்மா."

டாக்டரம்மா எழுந்துபோய் அவள் விலாவை விரல்களால் மெல்ல அழுத்திப் பார்த்தார். "நல்லாக் கூடியிருக்கு. ஏன்னு எனக்குத் தெரியல, பேச்சி. தெரிஞ்ச மாதிரி இத்தனை நாள் பேசிட்டேன். நீ சாப்பிடு. நீ பட்டினி கிடந்தா அவன் வந்திர மாட்டான்" என்றார். சாமுவேல் போனபின் அவர் அழுததை நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்து வந்த பெரிய வெள்ளியன்று ஜெபக்கூடத்தில், யாரும் அழைக்காமலே எழுந்து முன்னால் போனார்.

"சிலுவையில கர்த்தரோட எலும்பு ஒண்ணையும் முறிக்கலன்னு படிக்கிறோம். ஆனா விலாவுல ஈட்டி ஏறுச்சு. கூடு இருந்தும் ஏறுச்சு. பிதாவோட சொந்தப் பிள்ளைக்கே ஏறுச்சு. அப்போ, காக்கிறதுன்னா குத்துப்படாம வச்சிருக்கிறதுன்னு நான் சொன்னது தப்பு. வேற என்னன்னு எனக்கு முழுசாத் தெரியல. குத்துப்பட்ட இடத்துல அவரும் இருக்காரு. அதை மட்டும் பிடிச்சுக்கிட்டிருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னார். யாரையும் நெஞ்சில் கை வைக்கச் சொல்லவில்லை. பழைய தெம்பு அவருக்குத் திரும்பியதென்று நான் எழுதினால் அது பொய். ஜெபிக்கும்போது நெற்றி சுருங்கியே இருக்கும், யாரிடமோ வாதாடுவதுபோல. ஆனால் ஜெபிப்பதை அவர் விடவில்லை. நோயாளிகளிடம் "பயப்படாதீங்க" என்பதற்குப் பதிலாக "நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லத் தொடங்கினார். இருந்தார். சொந்த இருதயம் தளர்ந்து மாடிப்படி ஏற முடியாமல்போன இந்த வருடமும், பிரசவ வலியில் கிடந்த பெண்களின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மாலை அவர் உடலைப் போடியிலிருந்து மலைக்குக் கொண்டுவந்தார்கள். குளிப்பாட்ட நானும் பேச்சியம்மாளும் உள்ளே போனோம். உடம்பு மிகவும் மெலிந்திருந்தது. கண்கள் சரியாக மூடவில்லை. இமைகளை இறக்கி, அவை நிற்கும்வரை விரலை எடுக்காமல் பிடித்திருந்தேன். பேச்சியம்மாள் அவர் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

போய் வாருங்கள், அம்மா. கேட்க வேண்டியதையெல்லாம் கர்த்தரிடம் நேரிலேயே கேளுங்கள்.