அழகாக வந்த கணக்கு

கார்குழலிக்குக் கணக்கு அழகாக வர வேண்டும். விடை இடக்கு பண்ணினால் பிள்ளைகள் முகம் சுருங்கிவிடும் என்பது பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திய காலத்தில் அவள் கண்டுகொண்டது. எண்களை இப்படியும் அப்படியும் மாற்றிப் போட்டு, சமர்த்தாக விடை தருகிற உதாரணத்தைத்தான் வகுப்புக்கு எடுத்துப்போவாள். கல்லூரியை இழுத்து மூடிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

இப்போது முத்தியால்பேட்டை வீட்டில், அடுப்படியை ஒட்டிய மேசையில் உட்கார்ந்து, ஆய்வாளர்கள் பயன்படுத்தும் ஒரு கணக்கீட்டு மென்பொருளுக்குத் தமிழில் உதவிப் பக்கங்கள் எழுதுகிறாள். மேட்ரிக்ஸ் எனப்படும் எண்கட்டங்களைக் கையாளும் கட்டளைகள் எல்லாம் அவள் பொறுப்பு. அதே பக்கங்கள் ஆங்கிலத்திலும் இருக்கின்றன, படித்தவனையும் படிக்காதவனாக்கிவிடுகிற மாதிரி. குழலியின் பக்கம் அப்படியில்லை. கட்டளை என்ன செய்யும், விடையை எப்படிப் படிக்க வேண்டும், கடைசியில் ஓர் உதாரணம் என்று, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருவதைப் போல இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கடலூரிலிருந்து கிருஷ்ணசாமி என்ற பேராசிரியர் போட்ட மெயில் அந்தக் கர்வத்தில்தான் கல்லெறிந்தது. ஒரு மேட்ரிக்ஸுக்குள் இருக்கும் முக்கியத் திசைகளைக் கண்டுபிடித்து எண்கட்டமாகத் தருகிற கட்டளை ஒன்று உண்டு. 'விடையில் ஒவ்வொரு திசையையும் இடமிருந்து வலமாகப் படியுங்கள்' என்று குழலி எழுதியிருந்தாள். மேலிருந்து கீழாக அல்லவா படிக்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார்.

"இவருக்கு வேற வேலையில்ல" என்று முனகிக்கொண்டே தன் உதாரணத்தை ஓட்டிப் பார்த்தாள். மேலே இரண்டு, ஒன்று, கீழே ஒன்று, இரண்டு. விடை நறுக்கென்று வந்தது. குறுக்கே படித்தாள், சரி. நெடுக்கே படித்தாள், அதுவும் சரி. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உதாரணம் அழகாக இருக்க வேண்டுமென்று அவள் பொறுக்கியெடுத்த எண்கள், எந்தப் பக்கம் கேட்டாலும் தலையாட்டின. வேறு எண்களைக் கொடுத்ததும் குட்டு உடைந்தது. நெடுக்கே படித்தால்தான் விடை சரி; அவள் எழுதிய பக்கம் தப்பு.

ஒரு வரியைத் திருத்தினால் தீர்ந்தது. ஆனால் குழலியின் கை எழவில்லை. தங்கை அன்புசெல்வி நினைவுக்கு வந்துவிட்டாள்.

அன்புசெல்வி அரியாங்குப்பத்தில் அம்மாவோடு இருக்கிறாள். கடற்கரையில் ஏழு இடங்களில் பருவத்துக்குப் பருவம் மணலை அளந்து, எங்கே அரிக்கிறது, எங்கே சேர்கிறது என்று ஆய்வு செய்தவள். வெயிலில் கறுத்து, சேற்றில் கால் புண்ணாகி, கல்யாணப் பேச்சையெல்லாம் தள்ளிப்போட்டு எழுதிய ஆய்வேடு. அடுத்த வாரம் வாய்மொழித் தேர்வு. அந்த ஆய்வின் முதுகெலும்பே இந்தக் கட்டளைதான். "உன் பக்கம் இருக்கச்சொல்ல எனக்கென்னக்கா கவலை" என்று அவள் போனில் சிரித்தது குழலிக்குக் காதிலேயே இருந்தது.

கணவன் விமல்ராஜிடம் சொன்னாள். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டபடியே கேட்டான்.

"பரீட்சை முடியட்டுமே குழலி. அப்புறம் திருத்திக்க. அந்த சாருங்க இதெல்லாமா நோண்டிப் பாக்கப் போறாங்க?"

"அதுவரைக்கும் அந்தப் பக்கத்தப் படிக்கிறவங்க?"

"ஒரு வாரத்துல என்னா குடி முழுகிடும்?"

நியாயமாகத்தான் பட்டது. பட்டது என்பதே அவளைப் பயமுறுத்தியது. அன்று முழுக்க மேசைப் பக்கமே போகவில்லை. சாம்பாரில் உப்பை இரண்டு தடவை போட்டாள். மறுநாள் காலை முதல் வேலையாக அந்த வரியைத் திருத்தினாள். திருத்தியதை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டாள். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாலத்தைத் தாண்டி அரியாங்குப்பம் போனாள்.

அன்புசெல்வி தேர்வில் காட்ட வேண்டிய படங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னாக்கா, சொல்லாம கொள்ளாம வந்துட்ட?"

குழலி சுற்றி வளைக்கவில்லை. சொல்லிவிட்டாள். அன்புசெல்வி மடிக்கணினியைத் திறந்து, விடையை நெடுக்கே படித்துப் படத்தை மறுபடி வரைந்தாள். அரிக்கிறது என்று அவள் நிறுவியிருந்த வடகோடியில் மணல் அசையாமல் கிடந்தது. ஒன்றுமில்லை என்று தள்ளிய நடுப்பகுதி சரிந்துகொண்டிருந்தது. ஆய்வேட்டின் பாதி அங்கேயே விழுந்தது.

"லேப்ல மத்தவங்கல்லாம் சின்னக் கணக்கு ஒண்ணு போட்டு ஒத்துப் பாத்துட்டுதான் செஞ்சாங்க" என்றாள் அன்புசெல்வி. குரல் உயரவில்லை. "நான் மட்டும் பாக்கல. வேற யாரு எழுதியிருந்தாலும் பாத்திருப்பேன். நீ எழுதினதுன்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் குழலி தாங்கியிருப்பாள். "உங்க சார்கிட்ட நான் வந்து சொல்றேன்டி" என்றாள்.

"வேணாம். என் ஆய்வு. நானே சொல்லிக்கிறேன்."

வழிகாட்டி நாராயணசாமி அன்றே தேர்வைத் தள்ளிவைத்தார். பாதி ஆய்வேட்டைப் புதிதாக எழுத வேண்டும். அம்மா போன் செய்து, "உனக்குத் தெரிஞ்ச வேலையப் பாக்கக் கூடாதா?" என்று அழுதாள். அன்புசெல்வி அக்காவின் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள். தீபாவளிக்குக்கூட வரவில்லை.

குழலி தன் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். அழகான உதாரணங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, புள்ளிக்குப் பின்னால் நாலு இலக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிற, கண்ணுக்குப் பிடிக்காத எண்களாகப் பார்த்துப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் கீழே, விடை சரியா என்று படிப்பவரே பெருக்கிப் பார்க்க ஒரு வழியும் எழுதினாள். யாரும் பாராட்டவில்லை.

மாசியில் ஒருநாள், பக்கங்களைப் பற்றிக் கேள்வி கேட்பதற்கென்று இருக்கும் பொதுப்பலகையில் புதிதாக ஒன்று வந்திருந்தது. கேட்டவர் பெயர் அன்புசெல்வி.

'வணக்கம். ஒரே அளவு மதிப்புள்ள இரண்டு திசைகள் வந்தால், இந்தப் பக்கத்தின் மூன்றாவது வரி பொருந்துமா? சரிபார்த்தீர்களா? சரிபார்த்த கணக்கையும் போடவும்.'

ஒரு போன் போட்டு அக்கா என்று கேட்டிருக்கலாம். ஊரார் மாதிரி எல்லார் முன்னாலும் கேட்டிருந்தாள். அது குழலியைச் சுட்டது. இப்படித்தான் கேட்டிருக்க வேண்டும், முதல் நாளிலிருந்தே, என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

அவள் மூன்றாவது வரியை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். பொருந்தவில்லை. திருத்தி, போட்டுப் பார்த்த கணக்கை முழுசாகக் கீழே எழுதி, 'நன்றி' என்று முடித்தாள். கொஞ்ச நேரத்தில் தங்கையின் பதில் வந்தது.

'நானும் போட்டுப் பார்த்தேன். இப்போது சரி.'