நிமலன் அண்ணா எனக்கு என்ன உறவு?

படிகள் அடிக்கும் ரோணியோ மெஷினின் மை விரலில் பட்டால், இரண்டு நாளைக்குச் சோறு பிசையும்போதும் மணக்கும். எங்கள் டியூசன் வகுப்பில் தரும் வினாத்தாள்களை, "டியூட்" என்றுதான் சொல்லுவோம், ஈரம் காயுமுன்னே அடுக்கிக் கையில் தந்துவிடுவார்கள். கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் எங்கள் ஒழுங்கையால் நடந்து வீட்டுக்கு வருவதற்குள் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுத்தால் ஒரு தாளின் ராஜன் அடுத்த தாளின் கமலாவுக்கு மேல் ஏறி உட்கார்ந்திருப்பான். அந்த ராஜன்களையும் கமலாக்களையும் அவர்களுடைய மாமன் மச்சான்களையும் கட்டியழுததுதான் என்னுடைய பத்தாவது வயது.

ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் நுண்ணறிவு வினாக்கள் என்று ஒரு பகுதி உண்டு. "ஒரு சிறுமியைக் காட்டி ராஜன் சொன்னான்: இவளுடைய தாய் என் தாயின் ஒரே மகள். அப்படியானால் அந்தச் சிறுமி ராஜனுக்கு என்ன உறவு?" என்பது போல வரும். வகுப்பில் பாதிப்பேர் இதைக் கண்டால் அடுத்த வினாவுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கோ அது தண்ணீர் பட்ட பாடு. ஆணுக்கு ஒரு முக்கோணம், பெண்ணுக்கு ஒரு வட்டம், கலியாணத்துக்கு இரட்டைக் கோடு என்று நாலு கீறுக் கீறினால் விடை தானாக வந்து நிற்கும். பரீட்சையில் நல்ல புள்ளியும் கிடைத்துவிட்டதால், எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடித்தான் இருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்ளலாம்.

அந்த நேரத்தில்தான் நிமலன் அண்ணா யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தார். இருபத்திரண்டு வயது, மெலிந்த உடம்பு, யார் கூப்பிட்டாலும் எழும்பி நின்று பதில் சொல்லும் பழக்கம். என் பெரியம்மாவின் ஒரே பிள்ளை. பெரியப்பா இறந்துபோனதால் பெரியம்மா ஊரில் தனியே இருந்தார். யுத்த காலத்தில் வடக்கிலிருந்து வரும் இளைஞனிடம் "கொழும்பில் உனக்கு என்ன வேலை?" என்று எவரும் எந்தச் சந்தியிலும் கேட்கலாம், அந்தக் கேள்விக்குக் கையில் ஒரு பதில் இருக்கவேண்டும். ஒரு வங்கியில் எழுதுவினைஞர் பதவிக்கான பரீட்சைக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். அதில் தேறிச் சித்தியானால் அலுவலக அடையாள அட்டை கிடைக்கும், பெரியம்மாவையும் கூப்பிட்டுவிடலாம். சித்தியாகாவிட்டால் தங்கியிருக்கக் காரணமில்லை. வீட்டில் எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது.

நிமலன் அண்ணா கணக்கில் புலி, ஆங்கிலமும் பரவாயில்லை. உறவுமுறை வினா வந்தால் மட்டும் மனிதர் திண்டாடிப்போவார். ராஜனுடைய தாய்க்கு ஒரே மகள் என்று வாசித்ததும், மற்றப் பிள்ளைகளுக்கு என்ன நடந்தது என்று யோசிக்கத் தொடங்கிவிடுவார். ஒரு வினாவுக்கு இரண்டு விடை சொல்லுவார். சித்தப்பா என்பார், பிறகு, தாய்வழியில் பார்த்தாலும் அவர் சித்தப்பாவாக இருக்கலாம்தானே என்று இழுப்பார்.

அதற்குக் காரணம் இருந்தது. என் அப்பாவும் நிமலன் அண்ணாவின் அப்பாவும் அண்ணன் தம்பி. என் அம்மாவும் அவருடைய அம்மாவும் அக்கா தங்கை. எங்கள் ஆட்களிடம் இது புதினமில்லை. ஒரு வீட்டில் பெண் எடுத்து மனம் பிடித்துப்போனால், அடுத்த பிள்ளைக்கும் அதே வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள். ஆகவே நிமலன் அண்ணா எங்கள் வீட்டுக்கு எந்த வழியால் நடந்து வந்தாலும் என் அப்பாவிடமே வந்து சேருவார். அப்படி வளர்ந்தவருக்கு வினாத்தாளிலுள்ள குடும்பங்கள் மொட்டையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

நான் அவருக்கு வாத்தியார் ஆனேன். பின்னேரங்களில் சாப்பாட்டு மேசையில் டியூட்டை விரித்து, பென்சிலால் மேசையைத் தட்டித் தட்டிப் படிப்பித்தேன். அவரும் குனிந்த தலை நிமிராமல் கேட்டார். அம்மா குசினியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பார். ஒருநாள் அவர் வழக்கம்போல இரண்டாவது விடையைத் தொடங்கியபோது எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அண்ணா, கேட்டதுக்கு ஒரு விடைதான். கிட்ட இருக்கிற வழி எதுவோ அதால போங்கோ. மற்றதைச் சொல்லாதேங்கோ, பிழையாப் போயிடும்."

அவர் அதைத் தன் கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டார். அதன் பிறகு பத்துக்கு ஒன்பது சரி வந்தது. நான் பெருமையில் மிதந்தேன்.

பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முன்வந்த வியாழக்கிழமை, பழைய வினாத்தாள் வாங்கக் கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பரிடம் போனவர், திரும்பி வரும் வழியில் புறக்கோட்டையில் பஸ் ஏற நின்றபோது ஒரு பொலிஸ் சோதனையில் அகப்பட்டார். அடையாள அட்டை இருந்தது, தங்குவதற்கான பாஸும் இருந்தது. யார் வீட்டில் இருக்கிறாய், அவர் உனக்கு என்ன முறை என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணா நிமிர்ந்து நின்று, தன் தாயின் தங்கையின் கணவர் என்று ஒரே ஒரு விடை சொன்னார். வீட்டில் தங்குவோரை எழுதிக்கொடுத்த எங்கள் பொலிஸ் பதிவுப் பத்திரத்திலோ, வீட்டுத் தலைவருக்கு உறவு என்ற கட்டத்தில் அப்பா தன் பக்கத்து முறையை வைத்து, "அண்ணனின் மகன்" என்று எழுதியிருந்தார். இரண்டில் ஒன்று பொய் என்று அவர்கள் எண்ணியதை நான் குறை சொல்லமாட்டேன். என் டியூட்டும் அதைத்தான் சொல்லியிருக்கும்.

செய்தி வந்ததும் அம்மா பரீட்சை அனுமதி அட்டையை எடுத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். அண்ணா சொன்ன பதில் என்னவென்று அப்பா சொன்னபோது, நான் போய் அவருடைய கொப்பியின் முதல் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பயம் ஒரு பக்கம், வெட்கம் இன்னொரு பக்கம்.

மறுநாள் காலை பொலிஸ் நிலையத்துக்கு என்னையும் கூட்டிப்போனார்கள். அப்பாவுக்குக் கந்தோரில் வேலை பார்த்துப் பழகிய ஆங்கிலம்தான் வரும், அம்மாவுக்கு மரக்கறிக் கடைச் சிங்களம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்த எனக்குத்தான் அது சரளம். மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த மீசையோடு ஒரு சார்ஜன்ட் இருந்தார். அப்பாவும் அம்மாவும் மாறி மாறிச் சொல்ல, நான் சிங்களத்தில் சொல்லிச் சொல்லிக் களைத்து, கடைசியில் அவருடைய மேசையிலிருந்த ஒரு கடதாசியை இழுத்துப் படம் கீறினேன். மேலே இரண்டு முக்கோணம், அவை அண்ணன் தம்பி. பக்கத்தில் இரண்டு வட்டம், அவை அக்கா தங்கை. இரண்டு இரட்டைக் கோடு. கீழே ஒரு முக்கோணம், ஒரு வட்டம்.

சார்ஜன்ட் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். பிறகு என்னை மகளே என்று சிங்களத்தில் கூப்பிட்டு, இதற்குப் படம் எதற்கு, தன் பெரியம்மாவின் மகனைத் தானும் "அய்யா" என்றுதான் கூப்பிடுவதாகச் சொன்னார். அவர்களுடைய அய்யா, எங்களுடைய அண்ணா. எனக்கு உடனே அவரைப் பிடித்துப்போய்விட்டது. ஆனால் அண்ணாவைப் பற்றி எழுதிய கடிதம் ஏற்கெனவே மேலிடத்துக்குப் போய்விட்டதென்றும், அது திரும்பி வரும்வரை தன்னால் விடமுடியாதென்றும், ஞாயிற்றுக்கிழமைக்குள் வராதென்றும் அவரே சொன்னார். என்னுடைய படத்தை மடித்துக் கோப்புக்குள் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை தொடங்கியது. அனுமதி அட்டை சாமிப் படத்துக்கு முன்னால் அம்மா வைத்த இடத்திலேயே கிடந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்தபடி பன்னிரண்டு மணி வரைக்கும் கதிரையை விட்டு அசையவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான காலை வேறு வந்ததில்லை.

திங்கள் மத்தியானம் அண்ணாவை விட்டார்கள். அடி உதை ஒன்றுமில்லை, நல்லாக வைத்திருந்தார்கள் என்று அம்மாவுக்காகச் சொன்னாரோ, உண்மையோ தெரியாது. குளித்து, சோறும் பருப்பும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அம்மா அப்பால் போனதும், நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன், என்னால்தான் எல்லாம் என்று விக்கி விக்கி அழுதேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார்.

"நீ பாங்குச் சோதனைக்குத்தானே சொல்லித் தந்தனி, பிள்ளை. அங்க எனக்குப் பயத்தில ஒண்டுதான் வாயில வந்தது. அழாத."

அது என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னது என்று எனக்கு அப்போதே தெரியும். அந்தப் பரீட்சை பிறகு நடக்கவில்லை. தங்கும் பாஸின் காலத்தை நீட்டவும் காரணமில்லை. ஆறு மாதத்துக்குள் அப்பா ஓர் ஏஜென்சிக்காரரைப் பிடித்து அவரைக் கனடாவுக்கு அனுப்பிவைத்தார். வங்கியில் வேலை பார்த்துத் தாயோடு கொழும்பில் சீவித்திருக்கவேண்டிய மனிதர், பனி வழிக்கும் வேலை செய்தார். பெரியம்மா அவரிடம் போய்ச் சேர எட்டு வருடம் எடுத்தது.

எங்கள் ஒழுங்கையில் இப்போது ஒற்றைமாடி வீடு ஒன்றுகூட இல்லை. நாங்கள் இருந்த வீட்டின் மேல் எட்டு மாடி நிற்கிறது. லிஃப்டில் சந்திக்கும் எல்லோரும் என் மகனுக்கு அங்கிள், அன்ரி. பொலிஸ் பதிவுப் பத்திரமும் ஒழிந்தது, ரோணியோவும் ஒழிந்தது. சித்தப்பா, பெரியம்மா, மச்சாள் என்று கூப்பிடுவதற்கு எதிரில் ஆளில்லாமல் அந்தச் சொற்களும் மெல்லப் போகின்றன. உறவுமுறை வினாக்கள் மட்டும் பரீட்சைத் தாள்களில் இன்னும் வருகின்றன.

போன மாதம் அண்ணாவின் மனைவி தொலைபேசியில் நெடுநேரம் கதைத்தார். பெரியம்மாவைக் கூப்பிட ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். எனக்குத் தெரியும் என்று அவர் நினைத்திருக்கிறார். அங்கே குடிவரவு அதிகாரிகளின் முதல் விசாரணையில், கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று அண்ணாவைக் கேட்டார்களாம். ஒரு தங்கச்சி, கொழும்பில் என்று என் பெயரைக் கொடுத்திருக்கிறார். பெரியம்மாவின் பத்திரங்களிலோ ஒரே பிள்ளை. இது பிசகிக் கோப்பு இரண்டு வருடம் கிடப்பில் கிடந்ததாம். தவறுதலாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும் என்று சட்டத்தரணி எவ்வளவோ மன்றாடியிருக்கிறார்.

"மாத்த மாட்டன் எண்டு நிண்டிட்டார், மச்சாள். அப்பா வழியாலயும் தங்கச்சி, அம்மா வழியாலயும் தங்கச்சி, பிறகென்ன எண்டு கேட்டவராம்."