கிருத்திகைத் தலைவலி

அறுமுகனே, என் சொல்லுக்கு நீயே காப்பு.

ஆடிக் கிருத்திகையன்று விரதம் இருந்தேன். மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன. நோய் மூளைக்கும் பரவக்கூடுமாதலால், தலைவலி வந்தால் உடனே தெரிவிக்குமாறு டாக்டரம்மா சொல்லியிருந்தார். அன்று தலை வலித்தது. விரதத்தால் வந்ததென்று எண்ணி வாளாவிருந்தேன்.

"விரதம் முடிஞ்சு மூணு நாளாச்சு. இன்னும் முருகன் மேலயே பழியைப் போடறியே! ஜல்தி கிளம்பு," என்றார் என் கணவர்.

மருத்துவமனையில் தலையை ஸ்கேன் எடுத்தார்கள். அசையாமல் படுத்தபடி, நாள்தோறும் பாடும் பதிகத்தை ஓரடியும் பிறழாமல் மனத்துக்குள் சொல்லி முடித்தேன். படத்திலும் மூளை தெளிவாகவே இருந்தது.

அடுத்த கிருத்திகைக்கும் விரதமிருந்து, ஆர்.கே.புரம் மலைக்கோயிலில் முருகனைத் தொழுதேன். மாலையில் தலை வலித்தது. மறுநாள் காலையே டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

வலியை மறைக்காத துணிவை, இதைப் படிப்போர் அனைவருக்கும் அவன் அருள்வானாக.