பிவட்டை இரண்டு விரல் ஏற்றினேன்

என் மனைவியின் அண்ணன் இனி சைக்கிள் ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலது முழங்காலுக்குள் ஜவ்வு கிழிந்துவிட்டதாம். வயது ஒரு காரணம், முன்பு டிராக்டரிலிருந்து விழுந்த அடி இன்னொரு காரணம் என்றார். மூன்றாவது காரணம் நான். அது ஸ்கேனில் தெரியாது.

துடியலூரில் சிறிய கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புக்கு வேண்டிய பாகங்களைக் கடைந்து கொடுப்பது தொழில். பட்டறைக்காரனுக்கு ஒரு வியாதி உண்டு. யார் செய்த பொருளைக் கையில் வாங்கினாலும் அதில் என்ன தப்பு என்றுதான் முதலில் பார்ப்பான். எனக்கு அது முற்றிய நிலை. ஆனால் நான் செய்ததில் யாராவது குறை சொல்லிவிட்டால் போச்சு, மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

மச்சானுக்கு ஆனைமலையில் தென்னந்தோப்பு. எனக்குக் கல்யாணமான புதிதில் அந்தத் தோப்புக்கு ஒரு பம்பு மாட்டிக் கொடுத்தேன். கொஞ்சம் சத்தம் போடுகிறது என்று சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான். ஒன்றரை வருஷம் அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சீருக்கும் போகவில்லை, நோம்பி பண்டிகைக்கும் போகவில்லை. மாசாணியம்மன் கோயில் குண்டம் திருவிழாவுக்கு மனைவியை மட்டும் பஸ் ஏற்றி அனுப்பினேன். மாப்பிள்ளை முறுக்கு என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்தது. கடைசியில் தான் மூத்தவர் என்றும் பார்க்காமல் மச்சானே வந்து, சமாதானம் பேசி, காரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார்.

எங்களை நிஜமாகவே நெருக்கமாக்கியது சைக்கிள்தான். இருவருக்கும் சர்க்கரை எட்டிப் பார்த்தபோது ஆளுக்கொரு மலைச் சைக்கிள் வாங்கினோம். ஞாயிறு விடிந்ததும் வண்டியைக் கார் மேல் கட்டிக்கொண்டு ஆனைமலை போய்விடுவேன். வாய்க்கால் கரையில் தொடங்கி, தோப்புகளைத் தாண்டி, கல்லும் வேருமாகக் கிடக்கிற ஒரு கரட்டில் ஏறி இறங்குவோம். வழி நெடுகப் பேச்சுதான். கூடப் பிறந்தவன் இல்லாத எனக்கு வாரத்தில் அந்த மூன்று மணி நேரம் பெரிய விஷயம்.

என் வண்டிக்கு முன்னால் மட்டும்தான் சஸ்பென்ஷன். அவருடையதற்குப் பின்னாலும் உண்டு. மேட்டில் அவர் மிதிக்க மிதிக்கப் பின்பக்கம் அமுங்கி அமுங்கி எழும். எனக்குப் பொறுக்கவில்லை. மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போகாமல் பின்னாலுள்ள ஷாக் அப்சார்பரை அமுக்குவதிலேயே வீணாகிறதே என்று மனசு அடித்துக்கொண்டது. அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. நானாகத்தான் கை வைத்தேன்.

பின்சக்கரத்தைப் பிடித்திருக்கிற கை, சட்டத்தோடு சேரும் இடத்தில் ஒரு பின்னில் ஆடும். அதுதான் பிவட். அது சற்று மேலே இருந்தால், மிதிக்கும்போது செயினின் இழுப்பே அந்தக் கையைக் கீழே தள்ளும், பின்பக்கம் அமுங்காது. அவர் வண்டியில் பிவட் இரண்டு பக்கத் தகடுகளுக்கு நடுவில் இருந்தது. தகடுகளை போல்ட் போட்டுத்தான் மாட்டியிருந்தார்கள். நல்ல அலுமினியத்தில் புதுத் தகடு வெட்டி, துளையை இரண்டு விரல் மேலே போட்டு, ஷாக் உட்காரும் இடத்தையும் அதற்கேற்ப மாற்றினேன். பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு தார் ரோட்டு மேடு. நானே ஓட்டிப் பார்த்தேன். எவ்வளவு அமுங்கியது என்று காட்ட ஷாக்கின் தண்டில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். நான் ஏறி உட்கார்ந்தபோது நகர்ந்த இடத்தைவிட்டு அது அசையவே இல்லை. அடேயப்பா, எனக்கு வந்த கர்வத்தைச் சொல்லி மாளாது.

அடுத்த ஞாயிறு கரட்டிலிருந்து இறங்கியதும் எப்படி என்று கேட்டேன். நல்லா இருக்குதுங்க மாப்ள என்றார். அதற்கடுத்த வாரமும் அதையே சொன்னார். பட்டறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தகட்டின் போட்டோவைக் காட்டினேன். போகப் போக, கல் மேட்டில் அவர் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். வயசாகிவிட்டது மச்சானுக்கு என்று கேலி பேசினேன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஐந்து மாதம் இப்படியே போனது. அண்ணன் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறார் என்று ஒருநாள் என் மனைவி சொன்னாள். அப்புறம்தான் ஸ்கேன், டாக்டர் எல்லாம். வண்டி சும்மா நிற்பதற்கு என்னையே வைத்துக்கொள்ளச் சொன்னார் மச்சான்.

அந்த ஞாயிறுதான் அவருடைய வண்டியை அந்தக் கரட்டில் முதன்முதலாக நான் ஓட்டினேன். முதல் கல்லில் பின்சக்கரம் ஏறியதும் பெடல் என் காலைப் பின்னால் உதைத்தது. அடுத்த கல்லிலும் உதைத்தது. சக்கரம் மேலே போகும்போது அதற்கும் பெடல் அச்சுக்கும் நடுவிலுள்ள தூரம் கூடுகிறது. செயின் இறுகிப் பெடலைத் திருப்பி இழுக்கிறது. பிவட்டை எவ்வளவு ஏற்றுகிறோமோ அவ்வளவு இழுப்பு. கத்துக்குட்டிக்குக்கூடத் தெரியும் சமாச்சாரம். கல்லே இல்லாத ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுக் காலரைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன், மடையன். பாதி மேட்டில் எனக்கே முட்டி கடுத்தது. அடிபட்ட முட்டியை வைத்துக்கொண்டு அவர் ஐந்து மாதம் இதில் ஏறியிருக்கிறார்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே தோப்புக்கு வந்தேன். காலை நீட்டிக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பெடல் உதைப்பது எப்போது தெரிந்தது என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். இதெல்லாம் வயசுக் கோளாறு, வண்டி நல்ல வண்டி என்றார். நான் விடவில்லை. கடைசியில், முதல் நாளே தெரிந்தது என்று ஒப்புக்கொண்டார்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க மச்சான்? பழைய தகட்டை மாட்டறதுக்கு அரை மணி நேரம்கூட ஆகாதுங்களே."

என்னை நிமிர்ந்து பார்க்காமல், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"சொல்லிப்போட்டா நீங்க அடுத்த ஞாயித்துக்கெழம வர மாட்டீங்களேங்க மாப்ள."

வந்திருப்பேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். என்னை எனக்குத் தெரியாதா? நான் வந்திருக்க மாட்டேன்.