ஒரு கையில் தூக்கி வந்த வண்டி

பழைய இரும்புக் கடையில் சுத்தியண்ணன் எதையும் கண்ணால் பார்த்து நம்பமாட்டார். இடுப்பில் ஒரு சின்னச் சுத்தியல் செருகியிருக்கும். குழாய் வந்தாலும் தகடு வந்தாலும் எடுத்து ஒரு தட்டு. கிண்ணென்று கேட்டால் உயிருள்ள சரக்கு. தொப்பென்று கேட்டால் உள்ளே கீறல், இல்லையென்றால் துரு தின்றது, ஓரமாய்ப் போடு. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் காது ஒருமுறைகூடப் பிசகியதில்லை. அதனால்தான் அந்தப் பேர். பெற்றவர்கள் வைத்த பேர் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதும்போது மட்டும் வெளியே வரும்.

அப்பேர்ப்பட்ட காதுக்கு வீட்டில் வேலையில்லாமல் போய்ப் பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

அவர் பெண்டாட்டி சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். காலையில் சைக்கிளின் பின் கேரியரில் ஏறி உட்கார்ந்தால் கம்பெனி வாசல் வரும்வரை, முக்கால் மணி நேரம், வாய் மூடமாட்டாள். சூப்பர்வைசரின் மூக்கு, பக்கத்து மெஷின்காரியின் மாமியார், முந்தின ராத்திரி கனவில் வந்த பூனை, எல்லாவற்றையும் அவர் முதுகில் கொட்டுவாள். அவர் செய்ய வேண்டியதெல்லாம் மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டே 'ம்' போடுவதுதான். ஒரு 'ம்' தவறினால் முதுகில் ஒரு குத்து விழும். வீட்டுக்குள் வந்துவிட்டால் அவளுக்கு அடுப்பு, அவருக்கு அசதி. பதினெட்டு வருடக் குடித்தனத்தில் அவர்கள் பேசினதெல்லாம் சைக்கிளில் பேசினதுதான்.

ஒருநாள் விடிந்தபோது அவளுடைய இடது கை எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு மாதம். கால் பாதி திரும்பி வந்தது, கை கால்வாசி. பேச்சும் வந்தது. ஆனால் வாய் ஒரு பக்கமாக இழுத்தபடியே நின்றுவிட்டது. யாராவது முகத்தைப் பார்த்தால் முந்தானை வாய்க்குப் போய்விடும். புருஷன் பார்த்தாலும் அப்படித்தான். "தண்ணி", "லைட்டு", "போதும்". ஒரு நாளைக்கு இந்த மூன்று வார்த்தைக்கு மேல் அவளிடமிருந்து வாங்க முடியவில்லை.

பஸ் என்றால் மாட்டேன் என்று தலையாட்டினாள். ஆட்டோ என்றாலும் மாட்டாள். அவள் தங்கை எங்கோ கேட்டு வாங்கி வந்த வீல்சேரை நல்ல காலால் தள்ளிவிட்டாள்; அது சுவரில் மோதி நின்றது. பழையபடி கேரியரில் உட்கார வைக்கலாம் என்றால் பிடித்துக்கொள்ள ஒரு கை போதாது. இவருக்கோ அந்தப் பேச்சு வேண்டும். சோறு இல்லாமல் இருந்துவிடலாம் போலிருந்தது, முதுகுக்குப் பின்னால் அந்த லொடலொடப்பு இல்லாமல் கடைக்கு மிதிக்க முடியவில்லை. ஆளில்லாத கேரியரோடு போகிற சைக்கிள் மேட்டில் அதிகமாகக் கனத்தது.

அவளை முன்னால் உட்கார வைத்து ஓட்டுகிற மாதிரி ஒரு வண்டி கட்ட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. முன்னே இரண்டு சக்கரம், நடுவில் சாய்மானத்தோடு சீட்டு, பின்னே சைக்கிளின் பாதி.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. சனிக்கிழமை கடை சாத்தும்போது, தராசில் ஏறாத சரக்கிலிருந்து ஒவ்வொரு ஆளும் ஒரு பொருள் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு கையால் தூக்கி, கேட் வரை கீழே வைக்காமல் போக வேண்டும். கீழே வைத்தால் சரக்கு முதலாளிக்கு. மற்றவர்கள் வாளி, பூட்டு என்று எடுத்துப் போவார்கள். சுத்தியண்ணன் முதல் வாரம் ஒரு சைக்கிள் ஃப்ரேமை ஒரு கையால் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். இரண்டாவது வாரம் இரண்டு சக்கரத்தை ஒரே கம்பியில் கோத்துத் தூக்கினார்.

"யோவ், ஒரு பொருள்னு சொன்னேன். அது ரெண்டு," என்றார் முதலாளி.

"ஒரு கம்பிதானே மொதலாளி தூக்குறேன். சக்கரம் அதுவா வருது."

"நீ நாளைக்கு என்னையும் கம்பில கோத்துட்டுப் போவ."

"உங்கள தட்டிப் பாத்துத்தான் எடுப்பேன்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விட்டுவிட்டார்.

ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தார். அவளுக்கான வண்டியில் மட்டமான சரக்கு வரலாமா? காலடிக்கு ஒரு தகடு. தட்டினால் கோயில் மணி தோற்கும். தடித்த குழாய்கள் ஒவ்வொன்றும் கிண் கிண்ணென்றது. சினிமாக் கொட்டகையைப் பிரித்தபோது வந்த மடக்கு நாற்காலி ஒன்று, இரும்புக் கையோடு. பக்கத்துப் பட்டறை வெல்டர் நெற்றியில் ஏற்றிய கறுப்புக் கண்ணாடியை டீக்கடையில்கூடக் கழற்றாதவர். எல்லாரும் கண்ணாடி என்றே கூப்பிடுவார்கள். மிச்சம் விழுந்த வெல்டிங் குச்சிகளைச் சேர்த்து வைத்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒட்டிக் கொடுத்தார்.

"சுத்திண்ணே, இது வண்டியா, ரதமா?"

"ஒட்டுறத ஒட்டுய்யா."

"இல்ல, வடம் பிடிக்க ஆள் சொல்லணுமான்னு கேட்டேன்."

பதினோரு சனிக்கிழமை ஆனது. வண்டியைச் சந்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியதும் மச்சினி வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன மாமா, அக்காவ முன்னாடி வச்சுத் தெருத்தெருவா கூவி விக்கப் போறீங்களா?"

"வாங்க ஆள் இருந்தா ஒன்னையும் ஏத்திக்கிறேன்."

அவர் பெண்டாட்டி கதவோரம் நின்று பார்த்தாள். 'வா, ஏறு' என்று சொன்னால் மறுத்துத் தலையாட்டிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவளைப் பார்க்காமல் சக்கரத்தைப் பார்த்துச் சொன்னார்: "பிரேக் பிடிக்குதான்னு பாக்கணும். முன்னாடி வெயிட்டு வேணும். மணல் மூட்டை தேடினேன், கிடைக்கல."

பிறகு அவள் நல்ல கையால் நாற்காலியின் கையை அசைத்துப் பார்த்தாள். தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பழைய வழியிலேயே விட்டார். வாய்க்கால் ஓரம், மில்லின் நீளச் சுவர், பிறகு மேடு. வண்டி என்றால் வண்டி, அப்படி ஒரு சத்தம்! தகடு கணகணத்தது, குழாய் அதிர்ந்தது, மடக்கு நாற்காலி பள்ளத்துக்குப் பள்ளம் டக் டக்கென்றது. நாய்கள் எழுந்து வழிவிட்டன. வாய்க்கால் தாண்டும்போது முன்னால் அவளுடைய வலது கை எழுந்து எழுந்து ஆடுவதைப் பார்த்தார். ஈ தொந்தரவு போலிருக்கிறது என்று நினைத்தார். மேட்டில் மூச்சு முட்டியது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

கம்பெனி வாசலில் நிறுத்தி, "என்ன, ஈயா?" என்று கேட்டார்.

அவள் திரும்பவில்லை. "பேசிட்டு வந்தேன்," என்றாள். வார்த்தை கொஞ்சம் குழறியது. "வாய்க்கால்லேர்ந்து. நீ ஒரு 'ம்' கூடப் போடல."

"வண்டி சத்தத்துல ஒண்ணுமே கேக்கல. இன்னொரு தடவ சொல்லேன்."

முந்தானை வாய்க்குப் போனது. தலையை ஆட்டினாள். திரும்பி வருகிற வழியெல்லாம் அந்தக் கை மடியிலேயே கிடந்தது.

கண்ணாடிக்கு இது ஒரு விஷயமாகவே படவில்லை. "நாலு போல்ட்டுண்ணே. சீட்டத் திருப்பிப் போடு. அண்ணி ஒன் மூஞ்சியப் பாத்தே பேசட்டும்."

திருப்பிப் போட்டார்கள். மறுநாள் அவள் அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். இரண்டு முழத் தூரத்தில் முகத்துக்கு முகம். சந்து முனை வரைக்கும் போயிருப்பார்கள். அவர் மிதிப்பதைப் பார்க்காமல் மடியையே பார்த்துக்கொண்டு, முந்தானையைப் பல்லில் கடித்திருந்தாள்.

"போதும்," என்றாள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பினார். பதினெட்டு வருடமும் அவள் பேசினது ஒரு முதுகோடு. முகத்தோடு அல்ல. வாய் நேராக இருந்த காலத்திலேயே அப்படித்தான். இப்போது எப்படிப் பேசுவாள்? அன்றைக்குத் தன் முகத்தை யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில் வாயைத் திறந்திருக்கிறாள். அதைத் தன் கையாலேயே கட்டின சத்தத்தில் அவர் தொலைத்திருக்கிறார். கிண்ணென்கிற சரக்காகத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர்தானே. மணியைச் செய்துவிட்டு அதற்குள் அவளை உட்கார வைத்திருக்கிறார்.

நாலு போல்ட்டையும் கழற்றிச் சீட்டைப் பழையபடி ரோட்டைப் பார்க்க வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை கடையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். சுத்தியண்ணன் குவியலில் ஒவ்வொன்றாய்த் தட்டினார். கிண்ணென்றால் தூக்கி எறிந்தார். தொப்பென்றால் முகம் மலர்ந்தது.

"போச்சு, சுத்திக்குக் காது போச்சு," என்றார் முதலாளி.

"இப்பத்தான் மொதலாளி வருது."

தகட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டிப் பலகை போட்டார். மில்லிலிருந்து கழித்துப் போட்ட தடித்த பெல்ட்டை வெட்டி, இரும்பும் இரும்பும் தொடுகிற இடமெல்லாம் செருகினார். குழாய்களுக்குள் சாக்கைத் திணித்தார். மடக்கு நாற்காலியின் மூட்டில் பழைய டியூபைச் சுற்றினார். சாயங்காலம் வந்தால் மச்சினியை உட்கார வைத்துச் சந்துக்குள் ஓட்டிப் பார்ப்பார். "மெல்லமா பேசு" என்பார். "மாமா ஒரு கஞ்சன், மாமா ஒரு கஞ்சன்" என்று அவள் முணுமுணுப்பாள். எந்தச் சக்கரச் சுற்றில் 'கஞ்சன்' காதில் விழவில்லையோ, அங்கே இறங்கிச் சத்தத்தைத் தேடுவார். ஆறு சனிக்கிழமை போனது. கடைசியில் டயர் மண்ணைத் தேய்க்கிற சத்தமும் செயின் சத்தமும்தான் மிச்சம். செயினுக்கு எண்ணெய் விட்டார்.

இந்த முறை அவர் அழைக்காமலே அவள் வந்து ஏறினாள். சீட்டு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மட்டும் கவனித்தாள்.

வாய்க்கால் வந்தது. பேச்சில்லை. மில் சுவர் முழுக்கப் பேச்சில்லை. அவர் மூச்சைக்கூட அடக்கி விட்டார். மேட்டில் பாதி ஏறும்போது அந்த வலது கை மடியிலிருந்து மெல்ல எழுந்தது.

"அந்த சூப்பர்வைசரு… இன்னும் இருக்கானா, என்னவோ. மூக்கு பெருசு."

குரல் பழைய குரல் இல்லை. ஓரம் தேய்ந்திருந்தது, ஒரு வார்த்தை இன்னொரு வார்த்தைமேல் சாய்ந்து வந்தது. ஆனால் முழுசாக வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே மிதித்ததில் அவர் 'ம்' போட மறந்துவிட்டார். அவள் கையைப் பின்னால் நீட்டி, ஹேண்டில்பாரைப் பிடித்திருந்த அவர் விரல் முட்டியில் ஒரு குத்து விட்டாள்.

"ம்," என்றார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறார்கள். மேட்டை அவர் முன்னைவிட மெதுவாகவே ஏறுகிறார். கேட்டால் வயசு என்பார். முதல் நாள் வாய்க்காலிலிருந்து என்ன பேசினாள் என்று இதுவரை நாலு தடவை கேட்டுவிட்டார்.

"அது அன்னிக்கு சொன்னது. அன்னிக்கே போச்சு," என்கிறாள், ரோட்டைப் பார்த்தபடி.

பதினான்கு மாதத்துக்கும் மேலாக வாய்க்குள் வைத்திருந்ததில் முதலில் வெளியே விட்டது அது. என்னவாக இருக்கும்? வாய்க்கால் வந்ததும் அவர் மிதிப்பதை நிறுத்திவிட்டு வண்டியைத் தானாக உருளவிடுகிறார். செயின் சத்தமும் இல்லாமல் போகிறது. காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார். அவள் வேறெதையோ சொல்லிக்கொண்டு வருகிறாள். அதற்கும் ஒரு 'ம்' தவறாமல் போடுகிறார்.